நான்கு நிமிடம் தள்ளிப் பிறந்தவள்

பிப்ரவரி 9

எறும்பின் அம்மாவுக்கு,

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் உன் அக்காதான் எடுத்தாள், மூன்று முறையும் நீ குளித்துக்கொண்டிருந்தாய். இந்த இரண்டு மாதத்தில் உலகத்திலேயே சுத்தமான பெண்மணி நீயாகத்தான் இருக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. நீ கிளம்பிய அன்று சமையல் மேடையில் மூன்று டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாய். அதில் ஒன்றை மட்டும் எடுத்துப் புழங்குகிறேன். குழாய் சொட்டுவது நிற்கவில்லை. முன்னறைக்கு ஜாதகம் பார்க்க வருகிறவர்களை உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். போன வாரம் ஒரு தம்பதி கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது என்று தெரிய வேண்டுமாம். பிறந்த நேரம் என்ன என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். சாயங்காலம் ஒரு நாலரை, ஐந்து இருக்கும் என்றார் அந்த அப்பா. அதற்கு மேல் என்னால் முடியவில்லை, எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர்கள் இல்லை. மின்விசிறியை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல மனிதர்கள்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எறும்பு பிறந்தபோது நான் வெளியூரில் இருந்தேன், மறுநாள்தான் வந்து சேர்ந்தேன். மாலை 4.42 என்று நீ ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாய். அதை வைத்துத்தான் அவள் ஜாதகம் முழுவதும். அந்த 4.42 எதனுடைய நேரம்? தலை தெரிந்த நேரமா, முழுதாக வெளியே வந்த நேரமா, முதல் அழுகையா? நான் முதல் அழுகையைத்தான் கணக்கில் எடுப்பவன் என்று உனக்குத் தெரியும்.

ஏன் கேட்கிறேன் என்றால், ராசிக் கட்டத்தில் ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரம் நிற்கும். பத்து நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் பெரும்பாலும் அதே கட்டம்தான். ராசியை ஒன்பதாகப் பிரித்துப் போடுகிற நவாம்சத்தில் பதின்மூன்று நிமிடம் நிற்கும். தொழிலுக்குப் பார்க்கிற தசாம்சம் பத்துப் பங்கு, அதில் பன்னிரண்டு நிமிடம். அறுபது பங்காகப் போடுகிற சஷ்டியாம்சத்தில் இரண்டே நிமிடம்தான், அதற்குள் ஆளே மாறிப்போகும். ராசிக் கட்டம் மட்டும் பார்த்துப் பலன் சொல்வது வாசலில் நின்று வீட்டைப் பற்றிச் சொல்வது மாதிரி, நான் ஒவ்வொரு அறையாக உள்ளே போய்ப் பார்ப்பவன் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேனே. அதில் கடைசி அறை அது.

இருபத்தைந்து வருஷம் என்னோடு குப்பை கொட்டியவளுக்கு இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன். பதில் போடு.

எறும்பின் அப்பா


பிப்ரவரி 16

என்னங்க,

உங்கள் கடிதம் நேற்று 11.20க்கு வந்தது. நான் குளித்துக்கொண்டிருக்கவில்லை.

பெண் போய் மூன்று மாதம் நான்கு நாள் ஆகிறது. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று ஒரு வரி இல்லை. தலை தெரிந்த நேரமா, அழுத நேரமா என்று கேட்டு எழுதுகிறீர்கள். இன்னும் அந்தக் கட்டத்தை விடவில்லையா நீங்கள்?

அந்தச் சாயங்காலம் உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. இரண்டு வேலைக்கு உத்தரவு வந்திருந்தது அவளுக்கு. ஒன்று நம் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம். இன்னொன்றுக்குக் கம்பெனி பஸ்ஸில் மலைப்பாதையில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. எனக்கு அந்த பஸ் பிடிக்கவில்லை, பக்கத்திலேயே போகட்டும் என்றேன். நீங்கள் அவள் தசாம்சத்தை எடுத்து மேஜையில் விரித்தீர்கள். பத்தாம் இடம் பிரமாதம், தூரத்து வேலைதான் அவளை உயர்த்தும், விட்டால் மறுபடி வராது என்றீர்கள். நான் இன்னொரு தடவை வாயைத் திறந்தேன். அதற்கு நீங்கள் அவள் முன்னாலேயே சொன்னது இது: "நீ மணியப் பாத்துக்கோ. காலத்த நான் பாத்துக்கறேன்."

எறும்பு சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சரி, மணியைப் பார்க்கிறவளாகவே பதில் சொல்கிறேன். இருபத்தாறு வருஷம் மில்லின் டைம் ஆபீஸில் உட்கார்ந்தவள் நான். ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அட்டையில் பதித்திருக்கிறேன். ஒரு சூப்பர்வைசர் தன் மச்சானுக்காக மூன்று நிமிடம் மாற்றச் சொல்லி என் மேஜை முன்னால் அரை நாள் நின்றார். அட்டையில் ஒரு நிமிடத்தைத் திருத்த வேண்டுமென்றாலும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், என் கையெழுத்து கிடைக்காது, போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பினேன். அப்படிப்பட்டவளிடம் நிமிடம் சரியா என்று கேட்கிறீர்கள்.

பிரசவ அறையில் எனக்கு எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. 4.42. அதில் மாற்றம் கிடையாது. இனி கேட்காதீர்கள்.

குழாய்க்கு வாஷர் போட வேண்டும். கீழ் அலமாரியில் டப்பாவில் இருக்கிறது.


பிப்ரவரி 21

எறும்பின் அம்மாவுக்கு,

வாஷர் போட்டுவிட்டேன். இப்போதும் சொட்டுகிறது, கொஞ்சம் மெதுவாக.

நீ எழுதியது எல்லாம் நிஜம். நான் அப்படிச் சொன்னேன். சொல்லிவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு முகம் இல்லை. காகிதம் என்னைத் திரும்பிப் பார்க்காது, அதனால் இதில் சொல்கிறேன்.

மறுநாள் பகலில் நீங்கள் இருவரும் அவளுக்கு ஷூ வாங்கப் போனீர்கள். நான் வீட்டில் தனியாக இருந்தேன். வேலைக்குத் தசாம்சம் மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டோமே, மற்றதையும் ஒழுங்காகப் போட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தேன். ராசிக் கட்டத்தில் ஒரு குறையும் இல்லை. நவாம்சமும் நன்றாகவே இருந்தது. கடைசியாகச் சஷ்டியாம்சம் போட்டேன். அதில் இருந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. முப்பது வருஷத் தொழிலில் அந்த மாதிரி இரண்டு பேருக்குப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் இன்று இல்லை. காலமும் அதில் தெரிந்தது, அந்த வருஷம் முடிவதற்குள்.

எங்கள் தொழிலில் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். மற்ற கட்டங்களில் இல்லாத கெடுதல் கடைசிக் கட்டத்தில் மட்டும் தெரிந்தால், முதலில் பிறந்த நேரத்தைச் சந்தேகப்படு. இரண்டு நிமிடம் பிசகினால் அது வேறு யாருடைய விதியோ ஆகிவிடும், அதைச் சொல்லி ஒரு குடும்பத்தைப் பயமுறுத்தாதே. நல்ல விதிதான். எத்தனையோ பேரை அதனால் அழாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஊரில் எல்லோருடைய நேரத்தையும் சந்தேகப்படுவேன், உன்னுடைய நிமிடத்தை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அன்றைக்குச் சந்தேகப்பட்டேன். பிரசவ வலியில் இவள் எங்கே கடிகாரத்தைப் பார்த்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு அப்போது தேவையாக இருந்தது. தாளை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்தேன்.

நீங்கள் திரும்பி வந்தீர்கள். புது ஷூவைப் போட்டுக்கொண்டு முன்னறையில் இரண்டு நடை நடந்து காட்டினாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

அவ்வளவுதான். இனி நீ சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. 4.42 சரி என்றால், நான் தெரிந்தே அவளை அனுப்பியவன். இரண்டு மூன்று நிமிடம் தவறு என்றால், நான் பார்த்தது அவளுடையது இல்லை, யாராலும் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது. எதுவானாலும் தாங்கிக்கொள்கிறேன் என்று எழுத நினைத்தேன். பொய். தாங்க மாட்டேன். ஆனாலும் உண்மையைச் சொல்.

எறும்பின் அப்பா


மார்ச் 20

என்னங்க,

பதில் எழுத நாள் எடுத்துக்கொண்டேன். ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன்.

முதலில் உங்கள் மேல் வந்த கோபத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. ஒரு வாரம் உங்கள் கடிதம் இருந்த அறைப் பக்கமே போகவில்லை. அக்கா என்ன என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். பிறகு நீங்கள் தனியாக உட்கார்ந்து வாஷர் மாட்டுவது கண்முன் வந்தது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றே தெரியாத மனிதர்.

நான் இத்தனை வருஷம் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன். 4.42க்குக் குழந்தை வெளியே வந்தது நிஜம். ஆனால் அழவில்லை. நர்ஸ் தூக்கிப் பிடித்து முதுகில் தட்டினாள். வாயைத் துடைத்தார்கள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழுதபோது 4.46. நான்கு நிமிடம் மூச்சுக் காட்டாத குழந்தை என்று உங்களிடம் சொன்னால் அதற்கும் ஏதாவது கட்டம் போட்டுப் பயந்துகொண்டே இருப்பீர்கள் என்று சீட்டில் 4.42 என்று எழுதிவிட்டேன். போன கடிதத்தில் மாற்றம் கிடையாது என்று எழுதியது வீம்பு. இருபத்தாறு வருஷம் டைம் ஆபீஸ் என்று மார் தட்டிவிட்டு எப்படி ஒத்துக்கொள்வது?

நீங்கள் முதல் அழுகையைத்தான் எடுப்பீர்கள். அது 4.46. அதனால் நீங்கள் போட்ட கட்டம் அவளுடையது இல்லை. நீங்கள் பார்த்தது வேறு யாரோ. உங்கள் விதிப்படி சந்தேகப்பட்டது சரிதான். இதோடு விட்டுவிடுங்கள்.

என் கண்ணாடி உடைந்துவிட்டது. பழையது ஒன்று பீரோவில் நடுத் தட்டில், இடது ஓரம், சிவப்புக் கூட்டில் இருக்கிறது. அனுப்பி வையுங்கள். நடுத் தட்டு. எல்லாத் தட்டையும் கலைக்க வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.


மார்ச் 27

எறும்பின் அம்மாவுக்கு,

கண்ணாடி இந்தக் கடிதத்தோடு வருகிறது. பஞ்சு வைத்துச் சுற்றியிருக்கிறேன்.

4.46க்குக் கட்டம் போட்டேன். ராசி அதேதான். நவாம்சமும் தசாம்சமும் அசையவில்லை. கடைசி அறை மட்டும் முழுசாக மாறிவிட்டது. மூன்று நாளாகத் தினமும் காலையில் காபியை வைத்துக்கொண்டு அதைத்தான் படிக்கிறேன். உனக்கும் சொல்கிறேன்.

அந்த வேலையில் ஐந்து வருஷம் இருக்கிறாள். மேலதிகாரியோடு ஒத்துப்போகாது, அவள் வாய் தெரிந்ததுதானே. பிறகு சொந்தமாக ஆபீஸ் போடுகிறாள், சின்னதாக. இருபத்தேழில் கல்யாணம். பையன் அதிகம் பேசாதவன். நம் பெண்ணைக் கட்டிக்கொண்டால் வேறு வழி? வீடு தண்ணீருக்குப் பக்கத்தில் அமைகிறது. இரண்டு குழந்தைகள். மூத்தது பையன், அப்படியே உன் ஜாடை, பள்ளிக்கூடம் போக அரை மணி முன்னாலேயே ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற ஜாதி. அவள் நம்மிடம் அடிக்கடி வருகிறாள். வந்தால் உன்னோடு சண்டை. நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். எண்பத்தொன்று வரை ஆயுள். அறுபது வயதில் மூட்டு வலி வருகிறது. எல்லாவற்றையும் கல் மாதிரி படித்துக்கொண்டு வந்தவன் அந்த இடத்தில்தான் உடைந்து போனேன். நம் எறும்புக்கு மூட்டு வலி. மாடிப்படியில் கையை ஊன்றி ஏறுகிறாள்.

இனி கண்ணாடி விஷயம். நடுத் தட்டு என்று இரண்டு முறை எழுதியிருந்தாய். என்னை உனக்குத் தெரியும், நான் கீழ்த் தட்டிலிருந்து ஆரம்பித்தேன். விரித்திருந்த பேப்பருக்கு அடியில் ஒரு அட்டை இருந்தது. மில்லின் பழுப்பு நிற டைம் அட்டை. பெயர் போடுகிற இடத்தில் 'புது ஆள்' என்று எழுதியிருந்தது, உன் இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய கையெழுத்தில். 'உள்ளே' பத்தியில் 4.42. அதற்குப் பக்கத்திலேயே 'வந்ததும் அழுகை. லேட் இல்லை' என்று ஒரு குறிப்பு.

'வெளியே' பத்தியையும் பார்த்தேன். புது மையில் எழுதியிருந்தாய். 8.19. பஸ் உருண்ட அன்று டாக்டர் கொடுத்த சான்றிதழில் இருந்த நேரம். ஒரு அட்டையைப் பாதியில் விட உன்னால் முடியவில்லை என்று புரிந்தது. எப்போது எழுதினாய்? நான் எந்த அறையில் இருந்தேன் அப்போது?

அட்டை கிடைத்தது முதலில். 4.46 கட்டம் போட்டது அதற்குப் பிறகு. பொய் என்று தெரிந்தேதான் போட்டேன். மச்சானுக்காக மூன்று நிமிடம் தராதவள் எனக்காக நான்கு நிமிடம் தந்திருக்கிறாய். என் ஆயுளில் யாரும் எனக்கு இப்படி ஒன்றைத் தந்ததில்லை. ஆனால் அதை வைத்துக்கொள்கிற யோக்கியதை எனக்கு இல்லை. 4.42தான். நான் பார்த்தது அவளுடையதுதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பக்கத்து ஆபீஸுக்கு நடந்து போய்க்கொண்டிருப்பாள்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இனிமேல் பொய்யைச் சுமந்துகொண்டு நீ அங்கே தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எறும்பின் அப்பா


ஏப்ரல் 2

என்னங்க,

கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கீழ்த் தட்டைக் கலைப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் உங்களுடையதைச் சொல்லிவிட்டீர்கள். நான் என்னுடையதைச் சொல்லவில்லை. உங்கள் மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டுதான் அக்கா வீட்டுக்கு வந்தேன். நிஜத்தில் அந்தத் தெரு முனையைத் தினமும் பார்க்க முடியாமல்தான் வந்தேன்.

அன்றைக்கு அவள் எழுந்ததே 6.38. பஸ் முனைக்கு வருவது 6.55. படுக்கையில் உட்கார்ந்தபடியே, "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுக்கறேன்மா. தல பாரமா இருக்கு" என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. "சேந்து நாலு மாசந்தான் ஆகுது, அதுக்குள்ள லீவா? டைம் ஆபீஸ்காரி பொண்ணுன்னு வெளிய சொல்லிக்காத" என்றேன். நானே தலை வாரிவிட்டேன். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். நிஜமாகவே.

முனைக்குப் போனபோது 6.56. பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. அவள் நின்றுவிட்டாள், அப்பாடா என்று அவள் முகத்தில் தெரிந்தது. நான் நடு ரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தினார். ஏறும்போது என்னைத் திரும்பி முறைத்தாள். நான் சிரித்தேன், பந்தயத்தில் ஜெயித்த மாதிரி. இருபத்தாறு வருஷத்தில் லேட்டாக வந்த ஒருத்தருக்கும் நான் கேட்டைத் திறந்ததில்லை. என் பெண்ணுக்கு மட்டும் திறந்து விட்டேன்.

உங்கள் கட்டத்தில் அது இருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. பஸ்ஸை நிறுத்தியது கிரகம் இல்லை, என் கை. நீங்கள் தெரிந்து பேசாமல் இருந்தீர்கள், நான் தெரியாமல் விரட்டினேன். இதில் யார் பங்கு அதிகம் என்று அறுபதாகப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

'வெளியே' எழுதியது டிசம்பர் 4, பகல் 2.15. நீங்கள் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கூப்பிடலாமா என்று கதவு வரைக்கும் வந்தேன். கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை 3.40 வண்டிக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், நீங்கள் வந்து நிற்பதற்குள் நான் வீட்டுக்கே வந்துவிடுவேன். அட்டையை மேஜை மேல் எடுத்து வையுங்கள். திருத்துவதற்கு இல்லை. 8.19க்குக் கீழே உங்கள் கையெழுத்து ஒன்று, என் கையெழுத்து ஒன்று. அது இரண்டு பேரும் சேர்ந்து போட வேண்டியது. கவிழ்த்து வைத்த டம்ளரில் இன்னொன்றைக் கழுவி வையுங்கள்.

4.42க்குப் போட்ட தாளை என்ன செய்வீர்களோ செய்துகொள்ளுங்கள். 4.46க்குப் போட்டதை மட்டும் கிழித்துவிடாதீர்கள். அவளுக்கு இரண்டாவது பிறந்தது பெண்ணா, பையனா என்று நீங்கள் எழுதவே இல்லை.